வாய்க்குள் ஒரு பசை

பொன்முடி மலை. 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறி வந்தாயிற்று. பனிமூட்டம். கையில் சூடான தேநீர். ஆனால் வாயில் புண்! முதல் மடக்கிலேயே உயிர் போகிறது.

வாய்ப்புண்ணுக்கு மருந்து போட்டால் எச்சில் கழுவிவிடுமே? அதற்குத்தான் ஒட்டும் மருந்து. கொய்யா ஜெல்லியை உறைய வைக்கும் பெக்டின் தெரியுமல்லவா? அது போன்ற பொருட்களை மருந்தோடு கலப்பார்கள். ஈரம் பட்டதும் அவை ஊறும். வாயின் உட்தோலில் ஒட்டிக்கொள்ளும். வெண்டைக்காய் நறுக்கும்போது விரலில் ஒட்டும் கொழகொழப்பு மாதிரிதான். மருந்து புண்ணின் மேலேயே தங்கும்.

ஆனால் பலர் செய்யும் தவறு, அழுத்தித் தேய்ப்பது. தேய்த்தால் பசை மணல்மணலாக உதிரும். தேய்க்க வேண்டாம், ஒற்றி வையுங்கள். துளி போதும். இரவு படுக்கும்முன் வைத்தால், ராத்திரி முழுக்க ஒட்டியிருக்கும்.

உடம்புக்குள் பசையா என்று வியக்க வேண்டாம். மலையடிவாரத்தைத் தாண்டினால் திருவனந்தபுரம். அங்குள்ள ஸ்ரீசித்திரை திருநாள் மருத்துவ நிலையம், ரத்தத்தை உறைய வைக்கும் புரதத்திலிருந்தே காயம் ஒட்டும் பசை செய்திருக்கிறது.

இரண்டு வாரமாகியும் ஆறாத புண் என்றால் பசையை நம்பாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, ஒற்றி வையுங்கள். தேய்க்க வேண்டாம்.