ஓநாய்க்குச் சட்டம் உண்டு, மேய்ப்பவருக்கு?

(குடும்பங்களுக்கான சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று வெகுதூரத்தில் வாழும் ஒரு சிறுபான்மை மக்களைப் பற்றிப் பேசப் போகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையில் தாத்தாவின் வண்டியை இழுக்கும் மானை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும். அந்தப் பனிமானை மேய்க்கும் மக்கள் உண்மையில் இருக்கிறார்கள். நார்வே, சுவீடன், பின்லாந்து நாடுகளின் வடபகுதியிலும் ரஷ்யாவின் கோலா தீபகற்பத்திலும் வாழும் அவர்களின் பெயர் சாமி. நம் காதுக்கு வேறு மாதிரி கேட்டாலும், அவர்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயர் அதுதான். அந்த நாடுகளுக்கு எல்லைக்கோடு போடும் முன்பே அந்த மண்ணில் இருந்தவர்கள்.

சுவீடனை மட்டும் எடுத்துக்கொள்வோம். அங்கே சுமார் 2,50,000 பனிமான்கள் உள்ளன. பனிமான் மேய்க்கும் உரிமை சட்டப்படி சாமி மக்களுக்கே உரியது. மொத்தம் 51 மேய்ச்சல் சமூகங்கள். ஒவ்வொன்றுக்கும் தனி மேய்ச்சல் எல்லை. ஒவ்வொரு மானின் காதிலும் உரிமையாளரின் வெட்டுக்குறி இருக்கும். அதைப் பார்த்தே யாருடைய மான் என்று சொல்லிவிடுவார்கள். தோட்டத்தில் மாடு வளர்த்த குடும்பங்களுக்கு இது புரியும்.

இப்போது ஓநாய்க்கு வருவோம். ஒரு காலத்தில் சுவீடன் ஓநாயைத் தேடித் தேடிக் கொன்றது. அநேகமாக அழிந்துபோன பிறகு, 1966-இல் அதைச் சுடத் தடை விதித்தது. தோழர்களே, அந்தச் சட்டம் நல்ல சட்டம். ஓர் உயிரினத்தைப் பூண்டோடு அழிப்பது நியாயம் என்று நான் சொல்ல வரவில்லை. 1983-இல் வெர்ம்லாந்து பகுதியில் ஓநாய் மீண்டும் குட்டி போட்டது. 2023-24 குளிர்காலக் கணக்கின்படி நாடு முழுவதும் சுமார் 375 ஓநாய்கள்.

ஆனால் இவை எல்லாம் ஒரு சில ஓநாய்களின் வாரிசுகள். நெருங்கிய உறவுக்குள்ளேயே குட்டி போடுவதால் இனம் பலவீனப்படுகிறது. புது இரத்தம் வேண்டும். அது பின்லாந்திலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும்தான் நடந்து வரவேண்டும். வரும் வழி சாமி மக்களின் மேய்ச்சல் நிலம். அதாவது, நாட்டுக்கு மிகவும் தேவையான ஓநாய் எதுவோ, அதுதான் மேய்ப்பவரின் மந்தைக்குள் நுழைகிறது.

2010-களின் தொடக்கத்தில் யூன்செலே என்னும் வட்டாரத்தில் அப்படி ஒரு பெண் ஓநாய் வந்து தங்கியது. புது இரத்தம் கொண்டது என்பதால் அதை மயக்கிப் பிடித்துத் தெற்கே கொண்டுபோய் விட்டார்கள். அது நடந்தே திரும்பி வந்தது. மறுபடியும் கொண்டுபோனார்கள். மறுபடியும் வந்தது. சுட அனுமதி கொடுங்கள் என்றனர் மேய்ப்பவர்கள். கூடாது என்றன இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. ஆனால் இரவில் தூக்கம் கெட்டது ஒரு தரப்புக்குத்தான்.

ஓநாய் எத்தனை மானைத் தின்றுவிடும் என்று கேட்கலாம். சுவீடனில் லிங்ஸ் என்னும் பெரிய காட்டுப்பூனையும் வால்வரின் என்னும் விலங்கும் கொல்லும் மான்கள்தான் அதிகம். ஓநாய் செய்யும் கேடு வேறு வகை. குளிர்காலத்தில் மான்கள் பனியைத் தோண்டி, தரையோடு வளரும் ஒருவகைப் பாசியைத் தின்று உயிர் வாழ்கின்றன. ஓநாய் நுழைந்தால் மந்தை ஒரே இரவில் நாலா திசையிலும் சிதறும். பக்கத்துச் சமூகத்தின் மந்தையோடு கலந்துவிடும். சினை மான்கள் ஓடி ஓடி இளைத்துப் போகும். பனியில் ஓடும் மோட்டார் வண்டிக்கு எண்ணெய் ஊற்றி, குடும்பமே நாள்கணக்கில் தேடி அலைய வேண்டும். இந்த எண்ணெய்க்கும் உழைப்புக்கும் பிணம் கிடையாது. பிணம் இல்லாததால் கணக்கிலும் வராது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இந்தக் கணக்கைப் பற்றித்தான்.

முன்பு சுவீடனில் செத்த மானைக் காட்டினால் இழப்பீடு. பனி மூடிய காட்டில், பரந்த நிலத்தில், எங்கே போய்த் தேடுவது? 1996-இல் முறையை மாற்றினார்கள். செத்த மானை எண்ணுவதை விட்டு, மேய்ச்சல் நிலத்தில் உயிரோடு இருக்கும் வேட்டை விலங்குகளை எண்ணத் தொடங்கினார்கள். லிங்ஸும் வால்வரினும் எத்தனை இடத்தில் குட்டி போட்டுள்ளன, ஓநாய் நடமாட்டம் உண்டா என்று பனியில் பதிந்த தடத்தைப் பார்த்து, அதற்கேற்ப மேய்ச்சல் சமூகத்துக்குப் பணம். தடம் பார்க்கும் வேலையில் மேய்ப்பவர்களும் பங்கெடுக்கிறார்கள். நிரூபிக்கும் சுமை ஏழையின் தோளிலிருந்து இறங்கியது. வால்வரின் பெருகவும் இம்முறை உதவியது என்று ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர்.

நம் தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். வேலை செய்த ஆண்டுகளைக் கணக்கிட்டார்கள். மாட்டுக்கொட்டகையும் காய்கறிப் பாத்தியும் எத்தனை பேருடைய கணக்கில் வந்தன? எதை எண்ணுவது என்று முடிவு செய்பவரே, எவ்வளவு கொடுப்பது என்பதையும் முடிவு செய்துவிடுகிறார்.

சுவீடனிலும் எல்லாம் தீரவில்லை. 2013-இல் நாடாளுமன்றம், வேட்டை விலங்குகளால் வரும் இழப்பு மந்தையில் 10 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று வரம்பு வைத்தது. வரம்பே இல்லாததற்கு இது மேல். ஆனால் 100 மான் வைத்திருப்பவருக்கு 10 மான் போவது பொறுத்துக்கொள்ள வேண்டிய இழப்பு என்று ஆகிறது. இழப்பீடு உண்டு என்பது உண்மை. இருந்தாலும், பிள்ளைக்குக் கொடுக்க வேண்டிய மந்தைக்குப் பணம் ஈடாகுமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவீடனும் பின்லாந்தும் 1995-இல் ஒன்றாகவே ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தன. ஒன்றியத்தின் 1992-ஆம் ஆண்டு இயற்கைப் பாதுகாப்புச் சட்டத்தில், பின்லாந்தின் பனிமான் மேய்ச்சல் பகுதி ஓநாய்க்குத் தளர்வான இடம் கிடைத்தது. சுவீடனின் மேய்ச்சல் பகுதிக்கு அந்த விலக்கு இல்லை. அதே மான், அதே ஓநாய். எல்லையைத் தாண்டினால் சட்டம் வேறு. 2025-இல்தான் ஒன்றியம் முழுவதற்கும் ஓநாயின் பாதுகாப்பு நிலை ஒரு படி குறைக்கப்பட்டது. இடையில் 30 ஆண்டுகள். மேசையில் எழுதப்படும் ஒரு வரி ஒரு தலைமுறையின் பிழைப்பு என்பது இதிலிருந்து தெரிகிறது.

மேய்ச்சல் நிலத்தை ஓநாய் மட்டும் நெருக்கவில்லை. சுரங்கம், மரம் வெட்டுதல், காற்றாலை எல்லாம் நெருக்குகின்றன. 2021-இல் நார்வே உச்ச நீதிமன்றம், ஃபோசென் பகுதியில் காற்றாலைக்குக் கொடுத்த உரிமங்கள் செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிறுபான்மையினரின் பண்பாட்டைக் காக்கும் அனைத்துலக உடன்படிக்கையின் 27-வது பிரிவுதான் அடிப்படை. மான் மேய்ப்பது வெறும் தொழில் அல்ல, அது அவர்களின் பண்பாடு என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. பண்பாடு என்றால் ஆட்டமும் பாட்டும் மட்டுமல்ல. பிழைக்கும் வழியும் பண்பாடுதான்.

எனவே, நல்ல நோக்கத்தோடு ஒரு சட்டம் வரும்போது அதை எதிர்க்க வேண்டியதில்லை. ஆனால் இதன் விலையை யார் கொடுக்கிறார்கள், எழுதும் முன் அவர்களைக் கேட்டார்களா, எண்ணும்போது அவர்கள் பக்கத்தில் நின்றார்களா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சப்படாதீர்கள். பிள்ளைகளுக்கும் கேட்கக் கற்றுக்கொடுங்கள். ஓநாயும் வாழட்டும். அதற்கான செலவை ஏழை மேய்ப்பவர் மட்டும் கொடுக்கக்கூடாது.