தலைவிதியா? சட்டவிதியா?



அமெரிக்காவில் ஒருவனுக்கு வேலை போனால், சம்பளத்தோடு முதலாளி மூலம் கிடைத்த வைத்திய இன்ஷூரன்சும் போய்விடுகிறது. நம் தமிழ் மக்களும் அங்கே ஏராளமாய் உழைக்கிறார்கள். இன்ஷூரன்ஸ் இல்லாமல் அங்கே ஆஸ்பத்திரிக்குப் போனவன் நோய் தீர்ந்தாலும் கடன் தீராமல் தவிக்கிறான். அடுத்த வேலை கிடைக்கும்வரை தற்காலிகமாய்க் குறுகியகாலப் பாலிசி ஒன்று வாங்கலாமென்றாலோ, கலிபோர்னியா, நியூயார்க் மாகாணங்களில் அதை விற்கவே கூடாது. டெக்சாசில் விற்கலாம். இதைக் கேட்டால் நம்மவர்கள் "எல்லாம் விதி" என்பார்கள்.

ஆம் தோழர்களே, விதிதான்! ஆனால் பிரமன் எழுதிய விதியல்ல. மனிதன் எழுதிய விதி. 2016-ல் மத்திய சர்க்கார் இப்பாலிசி மூன்று மாதத்துக்குள் இருக்க வேண்டுமென்றது. 2018-ல் வேறு சர்க்கார் வந்து, 364 நாள் வரை கொடுக்கலாம், 36 மாதம் வரை நீட்டலாம் என்றது. 2024-ல் மறுபடியும் மூன்று மாதம், நீட்டினாலும் நான்கே மாதம் என்றாயிற்று. 2025-ல் வந்தவர்களோ, அவ்விதியை அமல் நடத்துவதை முக்கியமாகக் கருதப் போவதில்லை என்று அறிவித்தார்கள். நாற்காலியில் ஆள் மாற மாற மாறுவது தலைவிதியாகுமா?

சரி, கலிபோர்னியா 2019 முதல் இதை ஏன் தடுத்தது? முன்பே நோயுள்ளவனை இன்ஷூரன்ஸ் கம்பெனி தள்ளக் கூடாதென்று 2010-ல் ஏற்பட்ட சட்டம் கூறுகிறது. இந்தக் குறுகியகாலப் பாலிசிக்கு அச்சட்டம் பொருந்தாது. நீரிழிவா? இருதய நோயா? போய் வா என்று சொல்லிவிடலாம். பணம் வாங்கிய பிறகும், நோய் வந்தால் பழைய வைத்தியச் சீட்டுகளைக் கிளறி, "இது முன்நோய், பணமில்லை" என்று கைவிரிக்கலாம். தாயத்துக் கட்டிய பூசாரி "முன்வினை" என்கிறான். கம்பெனிக்காரன் "முன்நோய்" என்கிறான். இருவரும் வாங்கிய காசைத் திருப்பித் தருவதில்லை!

ஆகவே, விலை மலிவென்று ஏமாறாமல் ஷரத்துகளைப் படியுங்கள் என்கிறோம். விற்பனை தடுக்கப்பட்ட மாகாணத்திலும் வழியில்லாமலில்லை. வேலையோடு இன்ஷூரன்ஸ் போனவன் 60 நாளுக்குள் 2010 சட்டப்படியான பாலிசியில் சேரலாம். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடமானால், கோப்ரா என்னும் சட்டப்படி பழைய இன்ஷூரன்சையே சாதாரணமாக 18 மாதம் வைத்துக் கொள்ளலாம். ஆனால் முதலாளி கட்டிய பங்கையும் சேர்த்து 100-க்கு 102 வரை தானே கட்ட வேண்டும். ஏழைகளுக்கு மெடிகெய்ட் என்ற சர்க்கார் உதவி உண்டு; அதற்கு வருஷத்தில் எந்த நாளும் மனுச் செய்யலாம்.

ஆனால் அநியாயம் இங்கேதான் இருக்கிறது. மெடிகெய்டை விரிப்பதும் விரிக்காததும் மாகாணங்களின் இஷ்டமென்று 2012-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. டெக்சாஸ் விரிக்கவில்லை. குழந்தையில்லாத, ஊனமில்லாத, மிக ஏழையான நடுவயதுக்காரனுக்கு அங்கே மெடிகெய்டும் இல்லை. சந்தையில் பாலிசி வாங்க மானியமும் இல்லை. தாயத்துக் கடை திறந்திருக்கிறது. தர்ம வைத்தியசாலை மூடியிருக்கிறது! இதற்குச் சுதந்திரம் என்று பெயர்.

போலிச் சரக்கைத் தடுப்பது சர்க்காரின் பாதிக் கடமைதான். நல்ல சரக்கை ஏழைக்கும் எட்டச் செய்வது மீதிக் கடமை. மனிதன் எழுதியதை மனிதன் திருத்தலாம். அதற்கு வேண்டியது பிரார்த்தனையல்ல, அறிவும் ஓட்டும்தான் என்று கூறி, இதோடு முடித்துக் கொள்ளுகிறோம்.