குறைத்த எடை நிலைக்குமா?

கொத்மலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் நிறுவைக்குப் பஞ்சமில்லை. காலையில் ஒரு நிறுவை, நண்பகலில் ஒரு நிறுவை, மாலையில் ஒரு நிறுவை. கூடைக் கொழுந்து மடுவத்துத் தராசில் ஏறுகின்றது. ஈரத்துக்கும் சாக்குக்குமாக ஒன்றிரண்டு கிலோவைக் கழித்துவிட்டு, எஞ்சியது பெயருக்கு நேரே பதியப்படுகின்றது. தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடினும், நாளொன்றுக்குப் பதினாறு முதல் இருபது கிலோ வரை நிறைந்தால்தான் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர். கொழுந்து இவ்வளவு கண்டிப்பாக நிறுக்கப்படும் மலையில், அதைப் பறிக்கின்றவரின் உடல் நிறுக்கப்படுவது அரிது. பிள்ளைப்பேற்றுக் காலத்தில் ஒரு முறை நிறுப்பர். பிறகு நீரிழிவு என்றோ இரத்த அழுத்தம் என்றோ கண்டு கிளினிக்குக்கு அனுப்பும் நாளில்தான் தராசு மீண்டும் நினைவுக்கு வருகின்றது.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வுபெற்ற ஒரு தாயை நேயர்கள் மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளலாம். முப்பது முப்பத்தைந்து ஆண்டுகள் செங்குத்தான மலைகளில் ஏறி இறங்கியவர். இன்று பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு லயத்து வாசலில் அமர்ந்திருக்கின்றார். மலைக்குப் போவது நின்றுவிட்டது. கோதுமை மா ரொட்டியும் ஐந்தாறு கோப்பை இனிப்புத் தேநீரும் நிற்கவில்லை. நீரிழிவு தலைகாட்டியதும், "எடையைக் குறையுங்கள், அம்மா" என்றார் வைத்தியர். அம்மையார் சீனியை விட்டார். இரவு ரொட்டியைப் பாதியாக்கினார். மாலை தோறும் தோட்டத்துப் பாதையில் நடந்தார். ஓராண்டில் பத்துக் கிலோ குறைந்தது. எல்லோரும் பாராட்டினர். அடுத்த ஈராண்டில் அந்தப் பத்தும் திரும்பி வந்தது. வரும்போது துணைக்கு இன்னும் ஒன்றிரண்டை அழைத்துக்கொண்டு வந்தது. பாராட்டிய அதே வாய்கள், "வாயைக் கட்டத் தெரியவில்லை" என்கின்றன. அவரும் அதை நம்பிவிடுகின்றார். வெட்கத்தினால் கிளினிக்குக்குப் போகும் நாளைத் தள்ளிப் போடுகின்றார். எடை திரும்பியதினும் பெரிய ஆபத்து இந்தத் தள்ளிப்போடுதலே. கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் நீரிழிவு அரிப்பது இவ்வாறு கவனிப்பாரற்ற மாதங்களிலேதான்.

இந்த அம்மையார் ஒருவரல்லர். கொழும்புக் கடைகளில் நாள் முழுதும் நின்றும் அமர்ந்தும் பணிபுரியும் மலையக இளைஞருக்கும், கொழுந்துக் கூடையை என்றும் தொட்டிராத பட்டணத்து உத்தியோகத்தருக்கும் இதே கதைதான்.

முதலில், எடை ஏறியது ஏன்? உழைப்புக் குறைந்தால் பசியும் குறையவேண்டும் அன்றோ? அவ்வாறு குறைவதில்லை என்பதை வங்காளத்துச் சணல் ஆலை ஒன்றிலேயே கண்டறிந்தனர். ஜீன் மேயர் என்ற உணவியல் அறிஞரும் அவருடைய இந்தியத் துணைவரும் அங்குள்ள 213 பணியாளரை ஆராய்ந்து 1956ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். மூட்டை சுமப்போர் நிறைய உண்டனர். உடல் மெலிந்தே இருந்தது. இலேசான வேலை செய்தோர் குறைவாக உண்டனர். நாற்காலியிலும் கடையிலும் உட்கார்ந்தே இருந்தோரோ, கடுமையாக உழைத்தவரளவு உண்டனர். அவர்களே பருத்தும் இருந்தனர். உழைப்பு ஓரளவுக்குக் கீழே போய்விட்டால், உண்டது போதும் என்று சொல்லும் உள்ளறிவு மழுங்கிவிடுகின்றது. மலையை விட்டு வாசலுக்கு வந்த தாய்க்கு நேர்ந்ததும் அதுவே.

குறைத்த எடை திரும்பி வருவதேன் என்பது இதனினும் ஆழமான வினா. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்பவர் ஒரு சோதனையைத் தொடங்கினார். போரில் ஆயுதம் ஏந்த மனச்சாட்சி இடந்தராத 36 இளைஞர்கள் தாமாகவே அதற்கு முன்வந்தனர். ஐரோப்பாவில் பட்டினி கிடப்போருக்கு எவ்வாறு உணவூட்டி மீட்பது என்பதை அறிவதே நோக்கம். ஆறு மாத காலம் அரைவயிற்று உணவு. உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கரைந்தது. கரைந்தது உடல் மட்டுமன்று, சிந்தையும் மாறியது. நன்கு கற்ற அவ்விளைஞர் தட்டை நக்கினர். சமையற் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தனர். கனவிலும் உணவையே கண்டனர். காப்பியும் தேநீரும் அளவுக்கு மீறிக் குடிக்கத் தொடங்கியதால் அவற்றுக்கு வரம்பு கட்டவும் நேர்ந்தது. சோதனை முடிந்து வேண்டிய மட்டும் உண்ணலாம் என்றபோது, வயிறு நிறைந்த பின்னும் பசி அடங்கவில்லை என்று சிலர் சொன்னார்கள். இழந்த கொழுப்பு முழுதும் திரும்பியதோடு நில்லாமல், முன்னிருந்ததற்கு மேலும் சேர்ந்தது. இவர்களைப் பார்த்து, "மன உறுதி அற்றவர்" என்று எவர் சொல்லக்கூடும்?

அந்தப் பசியின் காரணத்தை அறிய மேலும் ஐம்பது ஆண்டுகள் சென்றன. 1994இல் ஜெப்ரி பிரீட்மன் என்பாரும் அவர்தம் குழுவினரும் லெப்டின் என்னும் சுரப்புநீரைக் கண்டுபிடித்தனர். உடற்கொழுப்பிலிருந்து சுரந்து, "இருப்புப் போதுமானது" என்று மூளைக்கு அறிவிப்பது அது. கொழுப்புக் கரைந்தால் லெப்டின் குறையும். மூளை அதனைப் பஞ்சம் எனவே கொள்ளும். எடை குறைந்தது விருப்பத்தாலா வறுமையாலா என்று மூளைக்குத் தெரியாது. பசியைக் கூட்டி, உடலின் செலவைச் சுருக்கிவிடும். இந்நிலை சில வாரங்களில் சீராகிவிடும் என்றே பலர் நம்பினர். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் பிரியா சுமித்ரனும் அவருடன் பணியாற்றியோரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அந்நம்பிக்கையைக் கலைத்தது. ஐம்பது பேர் பத்து வாரக் கடும் உணவுக் கட்டுப்பாட்டினால் சராசரி 13 கிலோவுக்கு மேல் குறைத்தனர். ஓராண்டு கழிந்த பின்னும், பசியைத் தூண்டும் சுரப்புகள் பழைய நிலைக்கு மீளவேயில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடை குறைக்கும் போட்டி ஒன்று நடந்தது. அதில் கலந்துகொண்ட 14 பேரைக் கெவின் ஹால் என்னும் அறிஞர் ஆறு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்து 2016இல் எழுதினார். முப்பது வாரத்தில் சராசரி 58 கிலோ இழந்தவர்கள், அதில் 41 கிலோவைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். அவர்கள் உடல் ஓய்வில் செலவிடும் சக்தியோ, அந்தப் பருமனுக்கு எதிர்பார்க்கத் தக்கதைவிட நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி குறைந்தே கிடந்தது. எடை மீண்டும் ஏறியபோதும் சிக்கனம் மட்டும் தளரவில்லை.

இதே ஹாலும் அவர் குழுவினரும் ஒரு கணக்கும் தந்துள்ளனர். ஒரு கிலோ எடை குறைந்தால், உடலின் நாட்செலவு 20 முதல் 30 கலோரி வரை சுருங்கும்; பசியோ ஏறக்குறைய 100 கலோரி அளவு ஏறும். நூறு கலோரி என்பது ஐந்து தேக்கரண்டிச் சீனி. கொத்மலைத் தாய் குறைத்தது பத்துக் கிலோ. நாள்தோறும் ஆயிரம் கலோரிக்குரிய மிகைப்பசியை, விடிந்தது முதல் உறங்கும்வரை அவர் தனியே எதிர்த்து நின்றிருக்கின்றார். ஓராண்டு நின்றாரே என்று வியப்பதுதான் முறை.

தோட்டத்து மக்களுக்கு இது புரியாத செய்தியன்று. தேயிலை இயல்பில் மரம். விட்டுவிட்டால் முப்பது அடிக்கும் மேல் வளரும். அதை இடுப்பளவில் நிறுத்தியிருப்பது கவ்வாத்து மட்டுமா? கவ்வாத்து நான்கைந்து ஆண்டுக்கு ஒரு முறை. வாரந்தோறும் மட்டம் பார்த்துக் கொழுந்து கிள்ளும் விரல்களே செடியை மேசை போல் வைத்திருக்கின்றன. கவ்வாத்துக்கு முன் வேரை நறுக்கி அயடின் தடவிப் பார்ப்பதும் உண்டு. மாச்சத்து இருப்பின் கருநீலம் பாயும். வெட்டிய செடி மறுபடி துளிர்ப்பது அந்த வேர்ச் சேமிப்பினால்தான். கத்தி வேரை எட்டுவதில்லை.

மலையக மக்களின் உடலுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. கூப்பன் அரிசியையும் கோதுமை மாவையும் நம்பி வாழ்ந்த லயங்களில், 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு பட்டினிச் சாவுகளைக் கொண்டுவந்தது. அக்காலத்துத் தாய்மாரின் கருவில் இருந்தவர்கள் இன்று ஐம்பதைத் தொட்டவர்கள். 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ஒல்லாந்துத் தாய்மாரின் கருவில் இருந்தவர்களை நடுவயதில் சோதித்தபோது, அவர்கள் உடல் சர்க்கரையைச் சரிவரக் கையாள இயலாதிருந்தது தெரிந்தது. பஞ்சத்தில் உருவான உடல் சேமிப்பதையே கற்றுக்கொள்கின்றது. பூனாவின் சித்தரஞ்சன் யாக்னிக் காட்டியதுபோல, தெற்காசியர் பார்வைக்கு மெலிந்திருந்தும் உள்ளே கொழுப்பு மிகுந்திருப்பர். ஆகவேதான் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல், ஆசிய மக்களுக்கு உடற்பருமன் குறியீடு 23ஐ எட்டும்போதே எச்சரிக்கை வேண்டும் என்றது.

இளைப்பதே இழுக்காகக் கருதப்படும் இடத்தில் எடையைக் காப்பது மேலும் கடினம். மலையில் ஒருவர் மெலிந்தால், "சயரோகமா? வீட்டில் அடுப்பு எரியவில்லையா? மருமகள் சோறு போடவில்லையா?" என்று கேட்பார்கள். பசித்திருந்த தலைமுறையின் அன்பு அது, பழிக்கத் தக்கதன்று. ஆயினும் அந்த அன்பு தட்டில் இன்னொரு ரொட்டியாக விழுகின்றது. தேர் நாளிலும், தீபாவளியிலும், கலியாண வீட்டிலும், துக்க வீட்டுத் தேநீரிலும் "வேண்டாம்" என்று சொல்பவர் கர்வம் பிடித்தவராகிவிடுகின்றார். குடும்பத்தார் அவர் பக்கம் நின்று இரண்டு வார்த்தை சொன்னால் பாதிச் சுமை இறங்கும்.

வென்றவர் இல்லாமலில்லை. அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் ஆகிய இருவர் 1994இல் ஒரு பதிவேடு தொடங்கினர். பதின்மூன்று கிலோவுக்கு மேல் குறைத்து ஓராண்டாவது காத்தவர்களே அதில் சேரலாம். ஆயிரக்கணக்கானோர் சேர்ந்தனர். அவர்களிற் பெரும்பாலோர் நாள்தோறும் ஒரு மணி நேரமளவு உடலை அசைக்கின்றனர்; அதிலும் நடையே மிகுதி. காலை உணவைத் தவிர்ப்பதில்லை. நான்கில் மூவர் வாரத்துக்கு ஒரு முறையேனும் எடை பார்க்கின்றனர். இரண்டு முதல் ஐந்தாண்டு வரை காத்துவிட்டவருக்குப் பிறகு காப்பது எளிதாகின்றது என்பதும் தெரிந்தது. தொலைக்காட்சிப் போட்டியாளருள்ளும், உழைப்பை மிகுத்துக்கொண்டவர்களே எடையை ஓரளவு தக்கவைத்தனர். கொத்மலையில் ஒரு மணி நேர நடைக்கு மேடு பள்ளம் தேடிப் போகவேண்டியதில்லை. மழையும் அட்டையுமே தடை. மழைக்காலத்தில் லயத்துப் படிகளில் பத்துப் பதினைந்து முறை ஏறி இறங்கலாம்.

உணவில் முதலில் கைவைக்கத் தக்கது தேநீர்ச் சீனி. ஐந்து கோப்பைக்கு இவ்விரண்டு கரண்டியானால் நாளுக்கு 200 கலோரி. வயிற்றை அது சிறிதும் நிரப்புவதில்லை. இனிப்பின்றிக் குடிக்க மனமில்லாதவர், பழைய வழக்கப்படி உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்துத் தொட்டுக் குடிக்கலாம். ரொட்டியைப் பாதியாக்கி அந்த இடத்தை வெறுமையாக விடலாகாது. பருப்பு, கடலை, முட்டை, நெத்தலி, கீரை, வாசலில் விளையும் கோவா, போஞ்சி ஆகியவை பசியை நீண்ட நேரம் தாங்கும். நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் வைத்தியரைக் கேளாமல் பட்டினி கிடக்கலாகாது. இரத்தச் சர்க்கரை சட்டென்று வீழ்ந்து மயக்கம் நேரும்.

இப்பொழுது பேச்சில் அடிபடும் ஊசி மருந்துகளையும் சொல்லவேண்டும். செமாகுளுடைடு என்னும் மருந்து பசியை அடக்கி எடையை வெகுவாகக் குறைக்கின்றது; அதில் ஐயமில்லை. ஆயின் அதனை நிறுத்தியவரை ஓராண்டு தொடர்ந்து பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. குறைந்த எடையில் மூன்றில் இரு பங்கு திரும்பியிருந்தது. உடல் தன் வழக்கத்தை மறக்கவில்லை. விலையைப் பார்க்கும்போது, நாட்சம்பளத்தில் வாழ்வோர் அதனை ஆண்டுக்கணக்கில் வாங்குவது நடக்கக்கூடியதன்று.

எடை திரும்பியதும் எல்லாம் பாழ் என்று எண்ணுவோர், சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் நடத்திய ஆய்வை அறியவேண்டும். நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு பகுதியினருக்கு உணவுத் திருத்தமும் நாள்தோறும் அரைமணி நேரத்துக்குக் குறையாத நடையும் விதிக்கப்பட்டன. மூன்றாண்டு முடிவில் அவர்கள் எடை குறிப்பிடத்தக்கவாறு குறையவேயில்லை. ஆனால், அறிவுரை மட்டும் பெற்ற பிரிவினரோடு ஒப்பிடும்போது, நீரிழிவு கண்டவர் தொகை நூற்றுக்கு 28 பங்கு குறைந்திருந்தது. 2006இல் வெளிவந்த முடிவு இது. தராசின் முள் அசையாத மாதங்களிலும் நடந்த நடை வீண்போகவில்லை.

இலங்கைச் சுகாதார அமைச்சு 2011 தொடக்கம் அமைத்துவரும் ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களில், முப்பத்தைந்து வயதைக் கடந்த எவரும் எடை, இடுப்பளவு, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவற்றை இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். எடை கூடியிருக்கின்றதே என்று கிளினிக்குக்குப் போகாமல் நிற்கும் அந்தத் தாய், இந்த மாதமே போகலாம். கூட ஒரு மகளோ பேத்தியோ செல்லட்டும்.