தியாகம் என்று யார் சொன்னது?



‘பெண்ணுக்குப் பெருமை சேர்ப்பது தியாகமா? அதிகாரமா?’ என்ற தலைப்பில், அதிகாரமே என்று பேச வந்திருக்கிறேன். இப்ப பேசிட்டுப் போன அண்ணன் என்ன சொன்னார்? போலந்து நாட்டை ஆண்ட யாத்விகா, நகையை எல்லாம் கொடுத்துப் பல்கலைக்கழகத்தை வாழ வச்சாங்க, அந்தத் தியாகத்தாலதான் அவங்க பேர் நிக்குதுன்னார். அண்ணே, கதையைக் கடைசிப் பக்கத்திலிருந்து படிச்சிட்டு வந்துட்டீங்க! (சிரிப்பு)

முதல் பக்கத்தைப் பார்ப்போம். தந்தை லூயி, ஹங்கேரிக்கும் போலந்துக்கும் மன்னர். மகளுக்கு 4 வயசு. 1378-லேயே ஆஸ்திரிய இளவரசன் வில்லியமுக்கு நிச்சயம் பண்ணிட்டார். 1382-ல் தந்தை இறந்தார். 1384 அக்டோபரில் கிராக்கோவ் நகரில் அந்தச் சிறுமிக்கு முடிசூட்டினார்கள். வயசு 10. அதுவும் எப்படி? அரசி என்று அல்ல. லத்தீனில் ‘ரெக்ஸ்’, அதாவது அரசர் என்றே! அரசி என்றால் அரசரின் மனைவி என்று ஆகிவிடுமே!

பட்டம்தான் அரசர். கல்யாணப் பேச்சைப் பேசியது யார்? பிரபுக்கள். ஆஸ்திரிய மாப்பிள்ளை வேண்டாம், பக்கத்து லித்துவேனியாவை ஆளும் யோகைலா வரட்டும், இரண்டு நாடும் சேர்ந்தால் பலம் என்று முடிவு கட்டினார்கள். யோகைலா பல வருஷம் மூத்தவர். கிறிஸ்தவரும் அல்ல, ஞானஸ்நானம் பெறச் சம்மதித்தார். பழைய சம்பந்தத்தை முறித்ததற்கு ஆஸ்திரிய வீட்டாருக்கு 2 லட்சம் பொற்காசு தருவதாக 1385 உடன்படிக்கையில் ஒரு ஷரத்து! கைவிட்ட மாப்பிள்ளைக்கு இழப்பீடு உண்டு. அந்தப் பெண் மனசுக்கு? 1386 பிப்ரவரி 18-ல் கல்யாணம். மணமகளுக்கு வயசு 12.

நடுவர் அவர்களே, இதையும் தியாகக் கணக்கில் எழுதுவீர்களா? தன்னுடையதைத் தானே கொடுத்தால் தியாகம். பிள்ளையைக் கேட்காமலே தூக்கிக் கொடுத்துவிட்டு அதற்குத் தியாகம் என்று பேர் வைப்பது, கொடுத்தவங்களுக்குத்தான் சௌகரியம்! (கைதட்டல்)

அந்தச் சிறுமி மூலையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. 1387-லேயே, ஹங்கேரியர் வசமிருந்த ருத்தேனியப் பகுதியை மீட்கப் படையோடு கிளம்பினார். பெரும்பாலும் சண்டையில்லாமலே மீட்டார். வயசு 13! நம்ம வீட்டில் அந்த வயசுப் பிள்ளையைக் கடைக்கு அனுப்பவே யோசிக்கிறோம்.

அப்புறம்தான் பல்கலைக்கழகம். 1364-ல் தொடங்கி, ஆதரிப்பார் இல்லாமல் நலிந்து கிடந்தது. 1397-ல் அங்கே இறையியல் துறை தொடங்கப் போப்பின் அனுமதியைப் பெற்றார். 1399 ஜூனில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. மூணே வாரத்தில் குழந்தை போச்சு. நாலு நாள் கழித்து, ஜூலை 17-ல், தாயும் போயிட்டாங்க. 25 வயசு. நகைகளையும் உடைமைகளையும் ஏழைகளுக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உயில் எழுதி வைத்திருந்தார். 1400-ல் பல்கலைக்கழகம் புத்துயிர் பெற்றது. 1491-ல் அங்கே படிக்க வந்த ஒரு மாணவர், பூமிதான் சூரியனைச் சுற்றுகிறது என்று பின்னால் எழுதிய கோப்பர்னிகஸ்!

இது ஆளுகிறவர் எடுத்த முடிவு அண்ணே. மாமியாருக்குப் பயந்து வளையலைக் கழற்றிக் கொடுக்கிறதையும் இதையும் ஒரே தராசில் வைக்காதீங்க. அந்தப் பல்கலைக்கழகத்தின் இன்றைய பெயர் தெரியுமா? யாகெல்லோனியன். யோகைலாவைப் போலந்துக்காரர்கள் யாகெல்லோ என்பார்கள். அவர் வம்சத்தின் பெயர்தான் அது. நகை அம்மாவோடது, பெயர்ப்பலகை ஐயாவோடது! (பலத்த சிரிப்பு)

அங்கே படித்த போப் இரண்டாம் ஜான் பால், 1997 ஜூன் 8-ல் கிராக்கோவுக்கே வந்து யாத்விகாவைப் புனிதர் என்று அறிவித்தார். அதற்கு முன்பே, 1887-ல், கல்லறையைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்த செங்கோல் மரத்தால் செய்தது, மேலே பொன்முலாம். தங்கம் இல்லைன்னு எதிரணி சொல்லும். சரி. ஆனா அந்த மகராசி கூட வச்சு அனுப்பியது செங்கோலைத்தான் அண்ணே!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார்.