கோணமலைப் பதிகமும் இசைவாணரும்

திருக்கோணமலைத் துறைமுக நகரிலே, கடலுள் நீண்டு உயர்ந்த பாறையின்மீது கோணேசர் ஆலயம் விளங்குகின்றது. கி.பி. 7 ஆம் நூற்றாண்டினரான திருஞானசம்பந்தர் இத்தலத்திற்குப் பதிகம் அருளினார். இராமேசுவரத்தில் இருந்தவாறே, கடலுக்கு அப்பாலுள்ள கோணமலையை நினைந்து அவர் பாடினார் என்பது பெரியபுராணம் கூறும் செய்தி.

1622 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் பழைய ஆலயத்தை இடித்தனர். அதன் கற்கள் கோட்டை கட்டப் பயன்பட்டன. மீண்டும் எழுப்பப்பெற்ற ஆலயத்திற்கு 1963 இல் குடமுழுக்கு நிகழ்ந்தது. கல் வீழ்ந்து கிடந்த அந்த மூன்று நூற்றாண்டுகளிலும் பாட்டு வீழவில்லை. ஏட்டிலும் ஓதுவோர் நாவிலும் அது நிலைபெற்றிருந்தது.

இத்தகைய பாட்டுக்கு இசையரங்கிலே கிடைக்கும் இடம் யாது? கச்சேரியின் பெரும்பொழுது கீர்த்தனங்களுக்கே உரியதாகின்றது. தேவாரமும் திருப்புகழும் பெரும்பாலும் இறுதியில், துக்கடாக்களோடு துக்கடாவாகச் சில நிமிடங்களில் முடிந்துவிடுகின்றன. கோணமலைப் பதிகத்துக்கு அவ்விடமும் அரிது. இதற்கு ஒரு காரணம் உண்டு. இப்பதிகம் புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. அப்பண்ணை இக்காலத்தில் பூபாள இராகத்தில் பாடுவர். பூபாளம் வைகறைக்கு உரியது. கச்சேரிகளோ பெரும்பாலும் மாலையில் நிகழ்வன.

பூபாளத்தில் ஐந்து சுரங்களே உள்ளன, விரித்துப் பாட இடமில்லை என்பாரும் உளர். மோகனத்திலும் ஐந்து சுரங்களே உள்ளன. அதனை நெடும்பொழுது பாடி அவையை மகிழ்விக்கும் வித்துவான்கள் பலர். எனவே, குறை இராகத்தில் இல்லை, பயிற்சியிலேதான் உள்ளது.

பதிகம் பயில்வதால் பாடகருக்கு வரும் பயன் பெரிது. தாளமின்றிப் பாடும் சுத்தாங்கம் மூச்சையும் சொல்லையும் ஒருங்கே ஆளப் பழக்குகின்றது. சொல்லைச் சிதைத்தால், மறைத்துக்கொள்ள அங்கே மிருதங்கம் இல்லை. தாளத்தோடு பாடும் பண்ணாங்கம் செய்யுளின் நடையை உணர்த்துகின்றது. கோணமலைக்கு அருணகிரிநாதர் பாடிய திருப்புகழோ சந்தத்தின் நுட்பத்தைக் கற்பிக்கின்றது. அன்றியும், மேகராகக்குறிஞ்சி நீலாம்பரியாகவும், பஞ்சமம் ஆகிரியாகவும் பாடப்படுகின்றன. அரங்குகளிலே அருகிவரும் இத்தகைய இராகங்களுக்குத் தேவாரம் உறுதியான புகலிடமாகும்.

பண்களின் பழைய வடிவம் முழுவதும் இன்று நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆயினும், அறிஞர் உழைப்புக்குக் குறைவில்லை. கீழ்மாகாணம் ஈன்ற விபுலாநந்த அடிகள் பல்லாண்டு ஆராய்ந்து, 1947 இல் யாழ்நூலை வெளியிட்டார். 1943 இல் சென்னையில் தோன்றிய தமிழ் இசைச் சங்கம் பண் ஆராய்ச்சியை வளர்த்தது. ஆராய்ச்சி நூலில் உள்ளது குரலில் ஏறினாலன்றி இசையாகாது.

ஆதலின், இசையாசிரியர்கள் ஆண்டுக்கு ஒரு பதிகத்தையேனும் மாணாக்கருக்கு முழுமையாகப் பயிற்றுவித்தல் வேண்டும். திருவிழாக் காலங்களிலே சபைகள் வைகறைக் கச்சேரி ஒன்றை அமைத்தல் வேண்டும். கடலிலே கதிரவன் எழும் வேளையில், கோணமலைப் பாறையிலே பூபாளம் ஒலிக்குமாயின், அப்பண்ணுக்கு உரிய காலமும் இடமும் ஒருங்கே வாய்த்தனவாகும்.