தூது செல்லும் கம்பி

அன்னம், கிளி, முகில், தென்றல் எனப் பத்துப் பொருள்களைத் தூதுக்கு உரியனவாக வகுத்தது தமிழ் மரபு. அப்பட்டியலில் இடம்பெறாத தூதர் ஒருவர் உண்டு. மாடியில் கட்டப்பட்ட வெறும் செப்புக்கம்பியே அவர்.

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் என்னும் பெண்மணி, அமெச்சூர் வானொலிக் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் தங்கியிருந்தார். உலகெங்கும் உள்ள ஹாம் அன்பர்களுடன் உரையாடுவதே பயணத்தின் நோக்கம். 26ஆம் நாள் ஆழிப்பேரலை தாக்கியது, தொலைபேசிகள் ஊமையாயின. மகிழ்ச்சிக்கெனக் கொண்டுசென்ற கருவிகளே, நலம் கேட்போர்க்கும் சொல்வோர்க்கும் தூது சென்றன.

இத்தகைய நேரங்களில் கருவியைப் போற்றுவோர் கம்பியை மறந்துவிடுகின்றனர். விலைமிக்க கருவியும் நல்ல ஆன்டெனா இன்றேல் பேசாது, கேளாது.

வீட்டில் அமைக்க எளியது அரையலை இருமுனை ஆன்டெனா. 300ஐ மெகாஹெர்ட்சால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைக்கும். 7.1 மெகாஹெர்ட்சுக்கு அது ஏறத்தாழ 42 மீட்டர். அதில் பாதி 21. கம்பியில் ஐந்து விழுக்காடு குறைத்தல் வேண்டும் என்பதால் 20 மீட்டர். நடுவே பிரித்தால் பக்கத்திற்குப் பத்து. முதலில் சற்று நீளமாக வெட்டி, மேலே கட்டி அளந்து, இருபுறமும் சமமாகக் குறைத்து வருவதே முறை. மாடி சிறிதெனில் நடுவை ஒரு கம்பத்தில் உயர்த்தி, இருமுனைகளையும் கைப்பிடிச் சுவரை நோக்கிச் சரித்துக் கட்டலாம்.

கம்பியையும் கருவியையும் இணைப்பது கோஆக்சியல் கேபிள். நடுவே செம்பு, அதைச் சூழ்ந்து மின்கடத்தாப் பொருள், அதன்மேல் பின்னிய செம்புவலை, வெளியே உறை. ஆலிவர் ஹெவிசைடு 1880இல் இவ்வமைப்புக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றார். ஹாம் கருவிகளுக்கு 50 ஓம் கேபிளே பொருந்தும். மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் 30 மீட்டர் சென்றால், 7 மெகாஹெர்ட்சில் ஆற்றலின் கால் பங்கு அளவே இழக்கும். 145 மெகாஹெர்ட்சிலோ கால் பங்கு அளவே எஞ்சும். ஆகவே உயர் அலைவெண்ணுக்குத் தடித்த கேபிளும் குறுகிய வழியும் தேவை.

கேபிளின் பெரும்பகை மழைநீர். இணைப்பில் நுழையும் ஈரம் செம்புவலையைக் கறுக்கச் செய்து, ஓசையின்றி ஆற்றலை உண்ணும். இணைப்புகளை நீர்புகா ரப்பர் நாடாவால் இறுகச் சுற்றுதல் வேண்டும். சன்னலுக்கு வெளியே கேபிளைச் சற்றுத் தொங்கவிட்டால் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

உயிர்காக்கும் விதிகள் இரண்டு. கம்பம் சாய்ந்தாலும் மின்கம்பியைத் தொடாத தொலைவில் அது நிற்றல் வேண்டும். ஆன்டெனாவுக்கு நிலத்தொடர்பு அமைப்பதோடு, இடி தொடங்குமுன்பே கேபிளைக் கருவியிலிருந்து கழற்றிவிடுதல் வேண்டும். தூதுக்கெனக் கட்டிய கம்பி கூற்றுவனாகிவிடக் கூடாது.

புயலடிக்கும் நாளில் கம்பி அளக்க நேரம் இராது. அமைதியான ஒரு ஞாயிற்றுக்கிழமையில் பொறுமையாக வெட்டி, கட்டி, மூடிவைத்த இணைப்பே, மற்றெல்லா வழிகளும் அடைபட்ட நாளில் ஒரு தாய்க்கு மகனின் நலத்தைச் சொல்லும்.