எம்.பி.ஏ. படிப்பு: செலவும் பயனும்

(ஜமாஅத் பொதுக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

பட்டப்படிப்பை முடித்த பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "மனையை விற்றாவது பையனை எம்.பி.ஏ.வில் சேர்த்துவிடலாமா?" 1968இல் ஆரோவில் தோன்றிய பின் நம் குயிலாப்பாளையத்தைச் சுற்றி நிலத்தின் விலை எவ்வாறு ஏறியது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். இங்கே கைவிட்ட மனையை மீண்டும் வாங்குவது அரிது. ஆகவே ஆசையை ஒருபுறம் வைத்துவிட்டுக் கணக்கைப் பார்ப்போம்.

ஓர் எடுத்துக்காட்டு. தனியார் கல்லூரியில் இரண்டாண்டுக் கட்டணம் 6 இலட்சம், விடுதி மற்றும் உணவுக்கு 2 இலட்சம் எனக் கொள்வோம். இத்துடன் கணக்கு முடிந்ததாகவே பலரும் எண்ணுகின்றனர். அந்தப் பிள்ளை மாதம் 15,000 ரூபாய் ஈட்டக்கூடியவனாயின், இரண்டாண்டில் இழக்கும் ஊதியம் 3,60,000. ஆக மொத்தச் செலவு 11,60,000 ரூபாய். படித்து முடித்து 25,000 ரூபாய் வேலைக்குச் செல்கிறான். படிக்காமல் வேலையிலேயே தொடர்ந்திருந்தால் 18,000 பெற்றிருப்பான். வேறுபாடு மாதம் 7,000, ஆண்டுக்கு 84,000. போட்ட பணம் திரும்புவதற்கு ஏறத்தாழ 14 ஆண்டுகள் ஆகும்.

கட்டணத்திற்கு மட்டும் 6 இலட்சத்தை 11 விழுக்காடு வட்டியில் வங்கிக் கடனாகப் பெற்று, பத்தாண்டுகளில் அடைப்பதாயின் மாதத் தவணையே 8,200 ரூபாயைத் தாண்டும். படிப்பினால் கூடிய ஊதியமோ 7,000 தான்! படிக்கும் காலத்தில் சேரும் வட்டி இதில் அடங்கவில்லை. வட்டி பற்றிய மார்க்கத் தீர்ப்பை உரைப்பது ஆலிம்களின் பொறுப்பு. அடியேன் கூறுவது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கே.

அப்படியாயின் இப்படிப்பே வேண்டாமா? அவ்வாறு நான் கூறவில்லை. எங்கே, எப்போது படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 1985இல் நிறுவப்பட்ட புதுவை மத்தியப் பல்கலைக்கழகம் நம் ஊருக்கு அருகே காலாப்பட்டில் இருக்கிறது. அங்கே மேலாண்மைத் துறையும் உண்டு. வீட்டிலிருந்தே சென்று வரலாம் என்பதால் விடுதிச் செலவே மிச்சம். தமிழக அரசுக் கல்லூரிகளுக்கோ அண்ணா பல்கலைக்கழகம் நடத்தும் டான்செட் நுழைவுத் தேர்வு வாயில். 2007ஆம் ஆண்டு முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள்ஒதுக்கீடு நடைமுறையில் உள்ளது. போராடிப் பெற்ற இந்த உரிமை இருக்க, நுழைவுத் தேர்வையே எழுதாமல் தனியார் கல்லூரி வாசலில் பணப்பையுடன் நிற்பது எனக்கு வருத்தமளிக்கிறது.

மற்றொன்று. பட்டம் பெற்ற மறுமாதமே எம்.பி.ஏ.வில் சேருவதை நான் ஆதரிப்பதில்லை. வெளிநாட்டுப் புகழ்பெற்ற நிறுவனங்கள் பல, சில ஆண்டுப் பணி அனுபவம் உள்ளவர்களையே விரும்பிச் சேர்க்கின்றன. கடையிலோ விடுதியிலோ ஏற்றுமதி நிறுவனத்திலோ இரண்டாண்டு உழைத்தவனுக்கு வகுப்பில் பேசப்படும் கொள்முதலும் இருப்பும் கடன் வசூலும் உடனே விளங்கும். வேலையை விட இயலாதவர், பல்கலைக்கழக மானியக் குழுவின் அனுமதி பெற்ற தொலைநிலைக் கல்வியை நாடலாம். வளாக நேர்காணல் வாய்ப்பு அதில் குறைவுதான். எனினும் ஊதியத்தை இழக்க வேண்டியதில்லை. இருக்கும் வேலையில் பதவி உயர்வு நாடுவோர்க்கு அதுவே போதுமானதாகலாம்.

தனியார் கல்லூரியே முடிவு என்றால், விளம்பரத்தில் காணும் மிக உயர்ந்த சம்பளத்தை நம்பாதீர்கள். ஒருவர் பெற்றது அது. சென்ற ஆண்டு எத்தனை பேர் படித்தனர், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, வரிசையில் நடுவில் நிற்கும் மாணவரின் ஊதியம் என்ன என்று கேளுங்கள். விடை சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு முன்பணம் செலுத்த வேண்டாம். அங்கே முன்னர் படித்த இருவரையாவது நேரில் சந்தித்துப் பேசுங்கள்.

இறுதியாக ஒரு நடைமுறைச் செய்தி. மாநில ஒதுக்கீட்டிற்குரிய சாதிச் சான்றிதழ் வேறு. மத்தியப் பல்கலைக்கழகங்கள் கேட்கும் இதர பிற்படுத்தப்பட்டோர் சான்றிதழ் வேறு. பின்னதற்கு மத்திய அரசின் பட்டியலில் நம் பிரிவு இடம்பெற்றுள்ளதா என்பதையும், வருமான வரம்பையும் பார்ப்பார்கள். விண்ணப்பத்தின் கடைசி நாளன்று வானூர் வட்டாட்சியர் அலுவலகத்திற்கு ஓடாமல், இறுதியாண்டில் படிக்கும்போதே இரண்டிற்கும் விண்ணப்பித்து வைத்துக்கொள்ளுங்கள்.